பெகிமாயின் ட்ரோன் பார்த்த கோல்

பெகிமாய் ட்ரோன் வாங்கிய அன்று எங்கள் வீட்டில் யாருக்கும் அது என்னவென்று தெரியவில்லை. தலைநகர் பிஷ்கெக்கிலிருந்து வரும் மினிபஸ்காரர் ஓர் அட்டைப்பெட்டியை முற்றத்தில் வைத்துவிட்டுப் போனார். என் மாமியார் உமுத் அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "கறி அரைக்கிற மிஷினா? இவ்வளவு லேசா இருக்கே. எலும்பு பட்டா உடைஞ்சு போகும்," என்றார்.

பெகிமாய் என் ஓரகத்தி. என் கொழுந்தன் திலெக்கின் மனைவி. ஒரே முற்றத்தில் எங்களுக்கு ஒரு வீடு, அவர்களுக்கு ஒரு வீடு. கோக்-தால் கடைத்தெருவில் அவள் மருந்துக்கடை வைத்திருக்கிறாள். என் கணவர் வருஷத்தில் பாதி நாள் ரஷ்யாவில் கட்டட வேலைக்குப் போய்விடுவதால் நானும் அந்தக் கடையில்தான் நிற்பேன். கடைக்கு ஒரே ஒரு ஜன்னல். அதைத் திறந்தால் பெட்ரோல் பங்கின் சுவர். சுற்றிலும் இத்தனை மலை இருந்தும் எங்கள் கண்ணுக்குக் கிடைத்தது அந்தச் சுவர்தான்.

புது அடுப்புக்காகச் சேர்த்த பணத்தில்தான் அதை வாங்கியிருந்தாள். "எதுக்குடி இது?" என்று கேட்டேன்.

"கடையை விட்டு நான் எங்க போக முடியுது? கண்ணையாவது அனுப்பி வைக்கலாம்னுதான்," என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அடுப்பைப் பற்றி அதற்குப் பிறகு யாரும் பேசவில்லை, மாமியாரைத் தவிர.

முதல் தடவை அது முற்றத்தில் எழும்பியபோது நாய் கூண்டுக்குள் போய்விட்டது. கோழிகள் ஒரு மூலைக்கு ஓடி ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொண்டன. மாமியார் பிஸ்மில்லா சொல்லிக்கொண்டே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். பெகிமாய் மட்டும் மூச்சைப் பிடித்துக்கொண்டு, ரிமோட்டின் இரண்டு குமிழ்களையும் முட்டையைத் தொடுவதுபோலத் தொட்டுக்கொண்டிருந்தாள். ட்ரோன் கூரை உயரம் போனது, பாப்ளர் மர உயரம் போனது, அப்புறம் பாப்ளர் மரத்துக்குள்ளேயே போனது.

திலெக்தான் ஏறி எடுத்துக் கொடுத்தான். "என் குதிரை இதுவரைக்கும் ஒரு தடவைகூட மரத்துல ஏறினதில்லை," என்றான் கிளையில் உட்கார்ந்தபடியே.

"உன் குதிரை உன்னை எத்தனை தடவை கீழ தள்ளியிருக்கு, அதைச் சொல்லு," என்றாள் இவள்.

திலெக் குதிரைப் பைத்தியம். எங்கள் ஊர் கோக்-போரு அணியில் முன்வரிசை ஆட்டக்காரன். தலை நீக்கிய ஆட்டைக் குதிரைமேலிருந்தபடியே பிடுங்கி எடுத்து, எதிர் அணியின் கசான் என்கிற வட்டமான மேட்டுக் குழிக்குள் போடுகிற ஆட்டத்தில் அவனுக்கு விலா எலும்பு இரண்டு முறை உடைந்திருக்கிறது. அப்படிப்பட்டவனுக்குப் பெண்டாட்டி ஒரு பொம்மையைப் பறக்கவிடுவது வேடிக்கையாகத்தான் இருந்தது. "கொசு வந்தாச்சா?" என்பான். "கொசுவுக்குக் கரண்ட் போட்டாச்சா?" என்பான்.

பெகிமாய் கண்டுகொள்ளவில்லை. கடை திறப்பதற்கு முன்னால் தினமும் ஆற்றங்கரைக்குப் போனாள். காற்று எந்தப் பக்கம் வருகிறது, எந்த நேரத்தில் பள்ளத்தாக்கிலிருந்து திடீரென்று அடிக்கிறது என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடமானது. குளிர் நாளில் பேட்டரியைச் சட்டைக்குள் வைத்துக் கொண்டுபோவாள். ஒரு காக்கை தினமும் துரத்திவந்து கொத்தப் பார்க்கும். அதற்கு ஒரு பெயர் வைத்துத் திட்டுவாள். கோடை முடிவதற்குள் ட்ரோன் அவள் சொன்ன இடத்தில் நின்றது, அவள் நீட்டிய கையில் வந்து உட்கார்ந்தது.

முதலில் மனம் மாறியது மாமியார்தான். ஒருநாள் மெதுவாகப் பெகிமாயின் பக்கத்தில் வந்து நின்றார்.

"காலிபா உடம்பு சரியில்லன்னு கம்பளம் தட்ட வரலை. அவ வீட்டுப் பக்கம் கொஞ்சம் விட்டுப் பாரேன்."

"அத்தை, அடுத்த வீட்டுக்குள்ள எட்டிப் பார்க்கக் கூடாது."

"நான் எங்க உள்ள பார்க்கச் சொன்னேன்? மேலாகத்தான். போற வழியில."

பெகிமாய் காலிபா வீட்டுப் பக்கம் விடவில்லை. அதற்குப் பதிலாக எங்கள் கூரைக்கு மேலே நிறுத்தித் திரையை மாமியாரிடம் காட்டினாள். துணி விரித்துக் காயவைத்த குருத் என்கிற தயிர் உருண்டைகளும், உடைந்த புகைக்கூண்டு ஓடும், வைக்கோல் போரும் தெரிந்தன. நடுவில் மேலே பார்த்துக்கொண்டு நிற்கிற தன் தலையையே பார்த்த மாமியார், "ஐயோ, தலைத்துணி இவ்வளவு அழுக்கா? ஏன்டி ஒருத்தியும் சொல்லலை?" என்று உள்ளே ஓடினார். அதற்குப் பிறகு அடுப்புப் பேச்சும் நின்றது.

இலையுதிர் காலத்தில் அறுவடை முடிந்ததும் எங்கள் ஊருக்கும் ஆற்றுக்கு அக்கரையிலிருக்கும் சாரி-புலாக்குக்கும் கோக்-போரு நடக்கும். இந்தமுறை நடுவர் சத்தார் கடைக்கே வந்து, "ஆட்டத்தை மேலிருந்து எடுத்துக் கொடும்மா. ரெண்டு ஊருக்கும் நினைவா இருக்கட்டும்," என்று பெகிமாயைக் கேட்டார். அவள் தலையாட்டினாள், ஆனால் முகம் கொஞ்சம் வாடியது. ஏனென்றால் சாரி-புலாக் அவள் பிறந்த ஊர். அந்த அணியில் தடுப்பாட்டம் ஆடுகிறவன் அவளுடைய தம்பி ஜெங்கிஷ். எங்கள் மொழியில் ஜெங்கிஷ் என்றால் வெற்றி. எந்த ஊருக்கு வெற்றி என்று பெயர் வைத்தவர்கள் சொல்லவில்லை.

ஆட்டத்தன்று பள்ளத்தாக்கிலிருந்து காற்று விடாமல் அடித்தது. கூட்டத்தை விட்டு விலகி ஒரு மேட்டில் நின்றோம். பெகிமாய் விரல் நுனி வெட்டிய கையுறை போட்டிருந்தாள். குதிரைகள் மிரளக் கூடாது என்பதற்காக ட்ரோனை நல்ல உயரத்தில் வைத்திருந்தாள். ஒவ்வொரு காற்றுக்கும் அது ஒரு பக்கமாகச் சாய்ந்து, மறுபடியும் நிமிர்ந்து நின்றது. அவள் விரல்கள் சிவந்து, பிறகு வெளுத்துப் போயின. "கொஞ்சம் இறக்கி வைடி," என்றேன். "இப்ப இறக்கினா ஆட்டம் போயிடும் அக்கா," என்றாள்.

இரண்டு அணியும் சமமாக இருந்தபோது ஆட்டம் முடியப்போகிறது என்று சத்தார் கொடியைத் தூக்கிக் காட்டினார். அப்போது திலெக் தரையோடு தரையாகக் குனிந்து ஆட்டை வாரி எடுத்தான். தொடைக்கடியில் இடுக்கிக்கொண்டு சாரி-புலாக் கசானை நோக்கிக் குதிரையை விட்டான். ஜெங்கிஷும் இன்னும் இரண்டு பேரும் குறுக்கே பாய்ந்தார்கள். இங்கே ரிமோட் பீப் பீப் என்று கத்தியது, பேட்டரி தீரப்போகிறது. பெகிமாய் உதட்டைக் கடித்துக்கொண்டு ட்ரோனைக் கசானுக்கு நேர் மேலே நிறுத்தினாள். குதிரைகள் மோதின. தூசி எழுந்து எல்லாவற்றையும் மூடியது.

தூசி அடங்கியபோது ஆடு கசானுக்குள் கிடந்தது. திலெக் கசானின் விளிம்பில் குப்புறக் கிடந்தான். சத்தார் விசில் ஊதினார். கோல்! எங்கள் ஊர் மைதானத்துக்குள் பாய்ந்து, திலெக் எழுந்து நிற்பதற்குள் அவனைத் தோளில் தூக்கிவிட்டது. கடைசி கோல் போட்டவனுக்கு என்று வைத்திருந்த சிவலைக் குதிரைக்குட்டியின் கயிற்றை அவன் கையில் திணித்தார்கள்.

எங்கள் மேட்டில் பெகிமாய் அதையெல்லாம் பார்க்கவில்லை. சார்ஜ் தீரும் நிலையில் தள்ளாடிவந்த ட்ரோனை எம்பிக் கையில் பிடித்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். "வந்துட்டியா, என் கண்ணே," என்றாள். திலெக்கிடம் அவள் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

அதற்குள் கீழே சண்டை தொடங்கிவிட்டது. ஆடு வெளியேதான் விழுந்தது, கோக்-தால்காரன் எவனோ தூசிக்குள் ஓடிவந்து கையால் உள்ளே தள்ளினான் என்றது சாரி-புலாக். அதில் எல்லோரையும்விட உரக்கக் கத்தியது ஜெங்கிஷ்தான். தொப்பியைக் கழற்றித் தரையில் அடித்து அடித்துக் கத்தினான். சத்தாருக்குத் தூசியில் எதுவும் தெரிந்திருக்கவில்லை. நின்று யோசித்தவர் வானத்தைக் காட்டினார்.

"மேல ஒருத்தி கண்ணு இருந்துச்சுல்ல? நாளைக்கு மத்தியானம் கிளப்புல பெரிய திரையில போட்டுப் பார்ப்போம். அதுவரைக்கும் ஒருத்தனும் வாயைத் திறக்கக் கூடாது."

அன்று சாயங்காலம் கடைக் கம்ப்யூட்டரில் நானும் பெகிமாயும் அந்தக் கடைசிப் பகுதியைப் போட்டுப் பார்த்தோம். பக்கவாட்டிலிருந்து பார்த்தவர்களுக்குத்தான் தூசி. நேர் மேலேயிருந்து எல்லாம் தெரிந்தது. மெதுவாக ஓடவிட்டோம். மோதிய வேகத்தில் ஆடு திலெக்கின் தொடையிலிருந்து நழுவி, கசானுக்கு வெளியே விழுகிறது. திலெக் வெறுங்கையோடு விளிம்பில் போய் விழுகிறான். ஜெங்கிஷ் சேணத்திலிருந்து தொங்கி ஆட்டின் காலைப் பிடித்துத் தூக்குகிறான், தன் முதுகுக்குப் பின்னால் தூர வீசுவதற்காக. அதே நொடியில் அவன் குதிரை மிரண்டு பின்னங்காலில் ஒரு சுற்றுச் சுற்றுகிறது. அவன் பின்பக்கம் என்று நினைத்த இடத்தில் இப்போது கசான் இருக்கிறது. ஆடு அழகாகப் பறந்து நட்டநடுவில் விழுகிறது.

பெகிமாய் மறுபடியும் போட்டாள். மறுபடியும் அதேதான்.

"அக்கா, என் தம்பி தன் ஊருக்கே கோல் போட்டிருக்கான்," என்றாள். அவளுக்குச் சிரிப்பு வந்தது, பயமும் வந்தது.

அந்த நேரம் பார்த்துத் திலெக் உள்ளே வந்தான். இருமல் மருந்து அலமாரியை ஒரு சுற்றுப் பார்த்தான்.

"பெகிம், அந்த மெமரி கார்டு... குளிர்ல கெட்டுப்போகும்ல?"

"கெடாது."

"சில சமயம் கெடும்னு கேள்விப்பட்டேன்."

"யாரு சொன்னா? உன் குதிரையா?"

திலெக் ஸ்டூலில் உட்கார்ந்தான். "நான் சொல்லலாம்னுதான் வாயைத் திறந்தேன். அதுக்குள்ள தூக்கிட்டாங்க. தோள்மேல உட்கார்ந்துகிட்டு எப்படி 'நான் போடலை'ன்னு சொல்றது? அப்புறம் குட்டியைக் கையில குடுத்துட்டாங்க. அம்மா வேற அழுதுட்டாங்க."

வெளியே கார் வந்து நின்ற சத்தம் கேட்டது. வாசல் பக்கம் எட்டிப் பார்த்த திலெக், "ஐயோ, உன் தம்பி!" என்று பின்னறைக்குள் ஓடி டயப்பர் பெட்டிகளுக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டான். ஏன் ஒளிந்தான் என்று இன்றுவரை அவனுக்கே தெரியாது.

ஜெங்கிஷ் ஒரு மூட்டை ஆப்பிளோடு வந்தான். தொப்பியைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றான். அக்காவைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், தரையைப் பார்த்தான்.

"அக்கா, நீ அந்தப் படத்தைப் பார்த்தியா?"

"ஏன்டா?"

"இல்ல, சும்மா. ஆப்பிள் நல்லாயிருக்கும். அந்தக் கடைசிப் பகுதியை மட்டும் அழிச்சிடேன். கோல் அவங்களுக்கே இருக்கட்டும். நான் இனிமே வாயைத் திறக்க மாட்டேன். ஊருக்குத் தெரிஞ்சா என்னைக் குதிரைமேல ஏறவே விட மாட்டாங்க. நான்தான் போட்டேன் அக்கா. நம்ம கசான்ல நானே போட்டேன்!"

டயப்பர் பெட்டிகள் குலுங்கின. முதலில் ஒரு மூக்கு உறிஞ்சும் சத்தம், பிறகு அடக்கமுடியாத சிரிப்பு. திலெக் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தான். ஜெங்கிஷின் முகம் பீட்ரூட் நிறமானது.

"மாமா, நீங்க இங்க என்ன பண்றீங்க?"

"நானா? நான்... டயப்பர் வாங்க வந்தேன்."

"உங்க வீட்ல குழந்தையே இல்லையே. அதை விடுங்க, கையில ஆடே இல்லாம எப்படிக் குட்டியை வாங்கிக்கிட்டீங்க?"

"நீ கையில ஆட்டை வெச்சுக்கிட்டு என்ன பண்ணுன? அதை முதல்ல சொல்லு."

கொஞ்ச நேரம் முறைத்துக்கொண்டார்கள். பிறகு இரண்டு பேரும் ஒரே பக்கம் சேர்ந்துகொண்டார்கள். மச்சானும் மாமனும் தோளோடு தோள் நின்று, அழித்துவிடு என்று பெகிமாயைக் கெஞ்சினார்கள். யாருக்கும் நஷ்டமில்லை என்றான் ஒருவன். குடும்ப மானம் என்றான் இன்னொருவன்.

பெகிமாய் கையை மேஜைமேல் வைத்தாள். விரல்கள் இன்னும் வெடித்துச் சிவந்திருந்தன.

"நீங்க ரெண்டு பேரும் குதிரையில விழுந்தீங்க, எழுந்தீங்க. ஊரே கைதட்டுச்சு. நான் அந்தக் காத்துல, பேட்டரி சாகுற நேரத்துல, ஒரு இம்மி நகராம அதை நிறுத்தி வெச்சேன். இந்தக் கோடை முழுக்க விடிஞ்சதும் ஆத்தங்கரைக்குப் போனது இதுக்காகத்தான்னு எனக்கே இன்னிக்குத்தான் தெரிஞ்சுது. நான் பறக்கவிட்டதுலேயே நல்லாப் பறக்கவிட்டது இதுதான். அதையா அழிக்கச் சொல்றீங்க?"

அவள் குரல் உயரவேயில்லை. திலெக் அவள் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தான். அலமாரியிலிருந்து ஒரு களிம்பு டியூப்பை எடுத்து அவள் முன்னால் வைத்தான்.

"அது மூலத்துக்குப் போடுறது," என்றாள் பெகிமாய்.

சரியான டியூப்பை நான் எடுத்துக் கொடுத்தேன். அழிப்பதைப் பற்றி அதற்குப் பிறகு யாரும் பேசவில்லை.

மறுநாள் மத்தியானம் கிளப்பில் நிற்க இடமில்லை. எங்கள் ஊர் இடப்பக்கம், சாரி-புலாக் வலப்பக்கம். நடுவில் சத்தார் நாற்காலி போட்டு எல்லைக்காவல்காரர் மாதிரி உட்கார்ந்திருந்தார். பெகிமாய் நேரே சண்டை நடந்த இடத்துக்குப் போகவில்லை. ஆட்டத்துக்கு முன்னால் எடுத்ததிலிருந்தே போட்டாள். திரையில் ஆறு வளைந்து வந்தது. இந்தக் கரையில் எங்கள் கூரைகள், அந்தக் கரையில் அவர்கள் கூரைகள், நடுவில் பாலம் ஒரு சின்னக் குச்சி. அவ்வளவு பக்கத்தில் இருக்கிறோம் என்று எங்களுக்குத் தெரியவே தெரியாது.

"அது என் வீடு! என் பசு!" என்று யாரோ கத்தினார்கள்.

"உன் வேலி எங்க புல்வெளிக்குள்ள வந்திருக்கு பாரு!"

"அப்பாடா, எங்க கூரைதான் நல்லாயிருக்கு," என்றார் என் மாமியார், எல்லோருக்கும் கேட்கும்படி.

ஆட்டம் தொடங்கியதும் வலமும் இடமும் மாறி மாறிக் கத்தின. கடைசிப் பகுதி நெருங்கியபோது திலெக் எழுந்து நின்றான். முகம் வெளுத்திருந்தது. தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "ஊர்க்காரங்களே, நான் ஒண்ணு சொல்லணும்..." என்று ஆரம்பித்தான்.

"உட்காருடா, மறைக்குது!" என்று இரண்டு ஊரும் சேர்ந்து கத்தின. அந்த நாளில் இரண்டு ஊரும் ஒத்துப்போன முதல் விஷயம் அதுதான். திலெக் உட்கார்ந்தான்.

மெதுவாக ஓடியது. ஆடு நழுவியது. திலெக் வெறுங்கையோடு விழுந்தான். ஜெங்கிஷ் குனிந்தான், தூக்கினான், குதிரை சுற்றியது. ஆடு பறந்தது.

பிறகு சாரி-புலாக் பக்கம் முன்வரிசையில் இருந்த ஒருவர் தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்க ஆரம்பித்தார். அழுகிறார் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். அது பரவியது. பெஞ்சுகள் ஆடின. "இன்னொரு தடவை போடு!" என்றார்கள். பெகிமாய் போட்டாள். "அந்தக் குதிரை சுத்துறதை மறுபடியும்!" போட்டாள். ஜெங்கிஷ் இரண்டு கைகளாலும் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தான். விரலிடுக்கு வழியாக அவனும் சிரித்துக்கொண்டிருந்தான்.

"எங்களை ஜெயிக்கிறதுக்கு எங்க ஆளே வேணும்," என்று சாரி-புலாக்கிலிருந்து ஒரு குரல் பெருமையாகச் சொன்னது.

சத்தார் எழுந்தார். "ஆடு கசானுக்குள்ள போச்சு. யாரு கையால போனாலும் கோல் கோல்தான். கோக்-தால் ஜெயிச்சுது." எங்கள் பக்கம் ஆர்ப்பரித்தது. அவர் கையை உயர்த்தினார். "இன்னும் முடியலை. குட்டி, கடைசி கோல் போட்டவனுக்குன்னுதான் பேச்சு. ஊர் பேர் யாரும் சொல்லலை. ஜெங்கிஷ், எழுந்து வா."

"வேண்டாம் ஐயா! சத்தியமா வேண்டாம்!"

ஆனால் திலெக் ஏற்கெனவே வெளியே போய்விட்டிருந்தான். குட்டியின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றான். அதை மச்சான் கையில் கொடுத்தபோது அவன் முகத்தில் நேற்றைக்கு இல்லாத ஒரு நிம்மதி இருந்தது. "பத்திரமாப் பார்த்துக்கோ. பின்பக்கம் எது, முன்பக்கம் எதுன்னு சின்னதுலயே சொல்லிக்குடு," என்றான்.

ஜெங்கிஷ் குட்டியோடு பாலத்தைக் கடந்து போனபோது இரண்டு கரையிலிருந்தும் அவனுக்கு வாழ்த்துச் சொல்லிக் கத்தினார்கள். பெகிமாய் ட்ரோனை மேலே விட்டு அதையும் எடுத்தாள். அவன் நடுப்பாலத்தில் நின்று தொப்பியைத் தூக்கி ஆட்டினான்.

அதற்குப் பிறகு பெகிமாய்க்குக் கடையில் மருந்து கேட்பவர்களைவிடத் தன் கூரையைப் படமெடுக்கச் சொல்பவர்கள் அதிகமானார்கள். சிலருக்கு எடுத்துக் கொடுத்தாள், பலருக்கு மாட்டேன் என்றாள். தொலைந்த பசு என்றால் உடனே கிளம்பினாள். வேலித் தகராறு என்றால் பேட்டரி இல்லை என்றாள்.

முதல் பனி விழுவதற்கு முன் ஒரு காலையில் திலெக் அவளோடு ஆற்றங்கரைக்கு வந்தான். நானும் போயிருந்தேன். கொஞ்ச நேரம் வானத்தைப் பார்த்தான், கொஞ்ச நேரம் அவள் விரல்களைப் பார்த்தான்.

"ஒரு தடவை குடேன்," என்றான்.

"கொசுவையா?"

"குடுடி."

கொடுத்தாள். எத்தனையோ முரட்டுக் குதிரைகளை அடக்கியவன் இரண்டு குமிழ்களையும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். ட்ரோன் இடப்பக்கம் ஓடி, வலப்பக்கம் ஓடி, குடித்தவன்போல ஆற்றுக்கு மேலே தள்ளாடியது.

"இழுக்காதே! அது கடிவாளமில்ல! விரலை லேசா வெச்சுக்கோ. லேசான்னா லேசாய்யா!"

"நான் சொன்னா கேக்க மாட்டேங்குது!"

"நீ சொல்றதை அப்படியே கேக்குது. அதான் பிரச்சினை."

அவள் பின்னாலிருந்து அவன் கைகளின்மேல் தன் கைகளை வைத்தாள். ட்ரோன் நின்றது. மெல்ல உயர்ந்தது. திரையில் ஆறும், கரையில் மூன்று சின்னப் புள்ளிகளும் தெரிந்தன. திலெக் வாயைத் திறந்தபடி திரையைப் பார்த்தான், பிறகு மேலே பார்த்தான், மறுபடியும் திரையைப் பார்த்தான்.

"பெகிம், அது நாமளா?"

"நாமதான். கையை ஆட்டு."

ரிமோட்டை விட்டுவிட்டு இரண்டு கைகளாலும் ஆட்டினான்.